பழைய புல்லட்டில் எலக்ட்ரானிக் இக்னிஷன்: பொருத்துவது முதல் டைமிங் வைப்பது வரை

பாயிண்ட் செட் (பொறி விழ வேண்டிய நொடியில் கரண்ட்டைத் துண்டிக்கும் சின்ன சுவிட்ச்) வைத்த பழைய புல்லட் 350-ஐ மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். வலது பக்கம் கியர், இடது பக்கம் பிரேக், ஹெட்லைட் தலையில் ஆம்பியர் மீட்டர் இருக்கும் வார்ப்பிரும்பு எஞ்சின் வண்டி. வேறு பழைய வண்டி என்றால் அளவுகள் மாறும், வேலையின் வரிசை பெரிதாக மாறாது.

கிட்டை மாட்டுவது இரண்டு மணி நேர வேலை. அதற்கு முந்தைய சோதனைகளும், டாப் (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) கண்டுபிடிப்பதும் அரை நாள் இழுக்கும். புதிதாகச் செய்கிறவர்கள் இந்த அரை நாளைத்தான் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். அப்புறம் மூன்று ஞாயிற்றுக்கிழமை அதே வண்டியோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

1. கையில் இருப்பது எந்த வகைக் கிட்?

பெட்டியைப் பிரித்ததும் பார்க்க வேண்டியது இதைத்தான். கடையில் எல்லாவற்றுக்கும் 'எலக்ட்ரானிக் பாயிண்ட்' என்றே பெயர். ஆனால் உள்ளே இரண்டு வகை உண்டு.

முதல் வகை பாயிண்ட்டை மட்டும் மாற்றும். பாயிண்ட் இருந்த இடத்தில் ஒரு சின்ன சென்சார், கேம் மேல் ஒரு காந்த வளையம். வேகத்துக்கு ஏற்ப டைமிங்கை, அதாவது பொறி விழும் நேரத்தை, முன்னே தள்ளும் பழைய எடைகளும் ஸ்பிரிங்கும் அப்படியே இருக்கும். இரண்டாவது வகையில் எடைகளும் வெளியே வந்துவிடும். ரோட்டர் நேராக ஷாஃப்ட்டில் உட்காரும். அட்வான்ஸ் கணக்கை, அதாவது பொறியை எவ்வளவு முன்னே தள்ளுவது என்பதை, கிட்டோடு வரும் எலக்ட்ரானிக் பாக்ஸே பார்த்துக்கொள்ளும்.

இது ஏன் முக்கியம் என்றால், இரண்டுக்கும் டைமிங் வைக்கும் புள்ளி வேறு. பாயிண்ட் புல்லட்டுக்குக் கம்பெனி சொன்ன அளவு, எடைகள் மூடிய நிலையில் பிஸ்டன் டாப்புக்கு 0.8 மிமீ கீழே. அது கிராங்கில் சுமார் 10 டிகிரி. முதல் வகைக் கிட்டுக்கு இதே அளவு பொருந்தும். இரண்டாவது வகையில் ரோட்டரில் இருக்கும் குறி பெரும்பாலும் முழு அட்வான்ஸைக் குறிக்கும். கிட்டோடு வரும் தாளில் அந்தக் கோணம் இருக்கும்.

இரண்டாவது வகைக் கிட்டை வாங்கி, பழைய பழக்கத்தில் 0.8 மிமீ-க்கு வைத்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். ஸ்டார்ட் ஆகும். ஆனால் முழு வேகத்தில் கிடைக்க வேண்டிய அட்வான்ஸே அந்த 10 டிகிரியில் நின்றுவிடும். இழுவை இருக்காது, சைலன்சர் பைப் பழுக்கும். இதைத் தலைகீழாகச் செய்தால் இன்னும் மோசம்: எடைகள் இருக்கும் கிட்டை முழு அட்வான்ஸ் கோணத்தில் வைத்துவிட்டுக் கிக் அடித்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் போகும்.

2. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

மல்டிமீட்டர் கட்டாயம். ரிச்சி தெருவில் கிடைக்கும் சாதாரண மீட்டரே போதும். டைமிங் பார்க்கும் ஸ்ட்ரோப் லைட்டுக்கு ஜி.பி. ரோட்டில் கேளுங்கள், அல்லது யாரிடமாவது இரவல் வாங்குங்கள். வருடத்துக்கு ஒருமுறை தேவைப்படும் சாமான். அதோடு ஒரு பழைய சிடி, ஒரு பழைய பிளக், வெள்ளை நெயில் பாலிஷ், நல்ல கிரிம்ப் டெர்மினல்கள், சூட்டில் சுருங்கும் டியூப், ஃபீலர் கேஜ்.

5 கிலோ ஓம் ரெசிஸ்டர் உள்ள பிளக் கேப் ஒன்றும் வாங்குங்கள். பாயிண்ட் காலத்தில் இது இல்லாமல் ஓடியிருக்கும். ஆனால் காயிலிலிருந்து பிளக்குக்குப் போகும் ஹை டென்ஷன் வயர் கிளப்பும் மின் இரைச்சல் சென்சார் வயரில் ஏறினால் பாக்ஸ் குழம்பிப் போய்த் தப்பான நேரத்தில் பொறி விடும். கேப்பில் ரெசிஸ்டர் இருந்தால் பிளக் சாதாரணமானதாக இருக்கட்டும். இரண்டிலும் ரெசிஸ்டர் போட்டால் பொறி வீணாக வலுவிழக்கும்.

புதுப்பேட்டையில் பழைய காயில் (பேட்டரி வோல்டேஜைப் பொறிக்கான உயர் வோல்டேஜாக மாற்றுவது) மலிவாகக் கிடைக்கிறதே என்று அள்ளி வராதீர்கள். காயிலின் பிரைமரி ரெசிஸ்டன்ஸ் எத்தனை ஓம் இருக்க வேண்டும் என்று கிட் தாளில் போட்டிருப்பார்கள். 12 வோல்ட் பாயிண்ட் வண்டிக் காயில் பொதுவாக 3, 4 ஓம் காட்டும். தாள் கேட்பதைவிடக் குறைந்த காயிலைப் போட்டால் அதிகக் கரண்ட் ஓடி பாக்ஸ் சூடாகிச் சாகும். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றாகத் தொட்டு வரும் எண்ணைக் கழித்துக்கொள்ள மறக்காதீர்கள். மலிவு மீட்டரில் அதுவே அரை ஓம் வரும்.

3. பாயிண்ட் இருக்கும்போதே செய்ய வேண்டிய சோதனைகள்

பாயிண்ட்டைக் கழற்றிய பிறகு இந்தச் சோதனைகளில் முக்கியமான ஒன்றைச் செய்யவே முடியாது. அதனால் இங்கே அவசரம் வேண்டாம்.

முதலில் பேட்டரி. முழுதாகச் சார்ஜ் ஏறி, ஒரு ராத்திரி ஓய்ந்த 12 வோல்ட் பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. பாயிண்ட் செட் இளைத்த பேட்டரியிலும் எப்படியோ ஒப்பேற்றும். எலக்ட்ரானிக் பாக்ஸ் ஒரு அளவுக்குக் கீழே வோல்டேஜ் இறங்கினால் பொறியை நிறுத்திவிடும், இல்லையென்றால் கன்னாபின்னாவென்று விடும். சில கிட்டுகளில் கிக்கர் திருப்பி அடிப்பதற்கு முதல் காரணமே பேட்டரிதான்.

அடுத்து சார்ஜிங். வண்டியை ஓடவிட்டு, நடுத்தர வேகத்தில் பேட்டரி முனைகளில் அளவெடுங்கள். 13.8 முதல் 14.4 வரை நல்லது. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. அதை மாற்றாமல் புதுப் பாக்ஸ் மாட்டுவது பணத்தைக் கூவத்தில் போடுவதற்குச் சமம்.

மூன்றாவதுதான் நான் சொன்ன சோதனை. எஞ்சினை நிறுத்தி, பாயிண்ட் மூடியிருக்கும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். சாவியைப் போட்டால் ஆம்பியர் மீட்டர் முள் டிஸ்சார்ஜ் பக்கம் சாய வேண்டும். இப்போது காயில் வழியாக 3, 4 ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கிறது. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பிளஸ்ஸிலும், இன்னொன்றைக் காயிலுக்குப் பிளஸ் வரும் டெர்மினலிலும் வையுங்கள். வழியில் தொலைந்துபோகும் வோல்டேஜ் தெரியும். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. ஒரு வோல்ட், ஒன்றரை வோல்ட் என்று வந்தால் சாவி சுவிட்ச், ஃபியூஸ், ஆம்பியர் மீட்டர் டெர்மினல் ஏதோ ஒன்று அரித்திருக்கிறது. சென்னையின் உப்புக் காற்றில், அதுவும் கடலோரம் நிற்கும் வண்டிகளில், இது சர்வ சாதாரணம். காயில் சூடாகிவிடும் என்பதால் ஒரு நிமிடத்துக்குள் அளந்துவிட்டுச் சாவியை எடுத்துவிடுங்கள்.

எலக்ட்ரானிக் மாட்டிய பிறகு, எஞ்சின் சுற்றாத நேரத்தில் பெரும்பாலான பாக்ஸ்கள் காயிலுக்குக் கரண்ட்டே விடாது. கரண்ட் ஓடாவிட்டால் அரித்த சுவிட்சும் 12 வோல்ட்டை அப்படியே காட்டி ஏமாற்றும். அதனால்தான் இதை இப்போதே செய்யச் சொல்கிறேன்.

அம்பத்தூரிலிருந்து ஒரு பையன் வண்டி கொண்டுவந்தான். "அண்ணே, பாக்ஸ் போயிடுச்சு. ரெண்டாவது பாக்ஸ் இது. சூடானதும் நின்னுடுது." நான் பாக்ஸைத் தொடவே இல்லை. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து காயில் பிளஸ்ஸுக்கு ஃபியூஸோடு ஒரு தனி வயரைத் தற்காலிகமாக இழுத்து, ஒரு ரவுண்டு போய்வரச் சொன்னேன். முக்கால் மணி நேரம் கழித்துச் சிரித்துக்கொண்டே வந்தான். சாவி சுவிட்சைப் பிரித்தால் உள்ளே பித்தளைத் தகடு கருத்து, ஒரு ஓரத்தில் மட்டும் ஊசிமுனை அளவு பளபளப்பு. மொத்த வண்டியும் அந்தப் புள்ளி வழியாகத்தான் ஓடியிருக்கிறது. இரண்டு பாக்ஸ் வாங்கிய காசில் பத்து சுவிட்ச் வாங்கியிருக்கலாம்.

கடைசியாக, பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து ஷாஃப்ட்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் நன்றாகக் கைக்குத் தெரிந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது. காந்த ரோட்டர் சென்சாரில் உரசும், டைமிங்கும் ஒரு இடத்தில் நிற்காது. உள்ளே ஆயில் கசிந்திருந்தால் சீலை மாற்றிவிட்டு வாருங்கள். இந்த இரண்டுக்கும் கிட்டில் வைத்தியம் கிடையாது.

4. டாப்பைச் சரியாகப் பிடிப்பது

பிளக் துளைக்குள் ஸ்போக் கம்பியை விட்டு, அது மேலே வந்து நின்றால் டாப் என்று பார்ப்பது தெருமுனை வழக்கம். இதில் இரண்டு சிக்கல். புல்லட்டில் பிளக் துளை சாய்ந்திருப்பதால் கம்பியும் சாய்ந்து நிற்கும், மில்லிமீட்டர் கணக்கு தப்பும். அதோடு, டாப் பக்கத்தில் கிராங்க் சில டிகிரி திரும்பினாலும் பிஸ்டன் நகர்வது கண்ணுக்கே தெரியாது. 'நின்றுவிட்டது' என்று நீங்கள் நினைக்கும் இடம் 5 டிகிரி இப்படியும் அப்படியும் இருக்கலாம்.

ஆகவே இடது பக்கச் செயின் கவரைக் கழற்றுவதுதான் ஒழுங்கான வழி. அடியில் தட்டு வையுங்கள், ஆயில் கொட்டும். ஃபுட்ரெஸ்ட்டையும் பிரேக் பெடலையும் முதலில் ஒதுக்க வேண்டும். கவருக்குப் பின்னால் கிராங்க் முனையில் ஆல்டர்னேட்டர் ரோட்டரும் அதன் நட்டும் தெரியும். பெட்ரோல் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, டிகிரி குறித்த சிடியை இரட்டைப் பக்க டேப்பால் நடுவில் ஒட்டுங்கள். சிடி 120 மிமீ அகலம், ஆகவே ஓரத்தில் 1 டிகிரி ஏறத்தாழ 1 மிமீ வரும். ஸ்கேலும் பொறுமையும் இருந்தால் நீங்களே கோடு போட்டுவிடலாம். ஒரு கம்பியை வளைத்து ஏதாவது ஸ்டட்டில் கட்டி முள்ளாக நிறுத்துங்கள்.

பழைய பிளக்கின் பீங்கானை உடைத்தெடுத்து, அதில் முனை மழுங்கிய ஒரு போல்ட்டை இறுக்கினால் பிஸ்டன் தடுப்பான் தயார். பிஸ்டனை டாப்பிலிருந்து நன்றாகக் கீழே இறக்கி வைத்துவிட்டு இதைப் பிளக் துளையில் மாட்டுங்கள். இனி கிக்கர் பக்கம் கால் போகக் கூடாது. ரோட்டர் நட்டில் ஸ்பானர் போட்டு, மெதுவாக, பிஸ்டன் போல்ட்டைத் தொடும் வரை திருப்புங்கள். முள் காட்டும் எண்ணைக் குறியுங்கள். எதிர்ப்பக்கம் திருப்பி, மறுபடி தொடும் இடத்தையும் குறியுங்கள். இரண்டுக்கும் சரிபாதியில் இருப்பதுதான் டாப். ஒரு பக்கம் 48, இன்னொரு பக்கம் 40 என்றால் சிடியையோ முள்ளையோ 4 டிகிரி நகர்த்தி, இரண்டு பக்கமும் 44 வரும்படி செய்துகொள்ளுங்கள். அப்போது சிடியின் பூஜ்யம்தான் டாப்.

தடுப்பானைக் கழற்றி மேசைமேல், கண்ணில் படும்படி வையுங்கள். அதை உள்ளே மறந்துவிட்டுக் கிக் அடித்தால் பிஸ்டன் தலையில் ஓட்டை.

5. கம்ப்ரஷன் டாப்பா, எக்ஸாஸ்ட் டாப்பா?

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன் இரண்டு முறை மேலே வரும். பொறி தேவைப்படுவது ஒரு முறைதான். வலது பக்க டாப்பெட் மூடியைத் திறந்து, வால்வுகளைத் தள்ளும் இரண்டு புஷ்ராடையும் விரலால் சுற்றிப் பாருங்கள். இரண்டும் தாராளமாகச் சுற்றினால் வால்வுகள் மூடியிருக்கின்றன, அது கம்ப்ரஷன். ஒன்று இறுகியிருந்தால் கிராங்கை இன்னும் ஒரு முழுச் சுற்று திருப்புங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. இதைத் தப்பாகப் பிடித்தால் ரோட்டர் அரைச் சுற்று தள்ளி உட்கார்ந்து, பொறி எக்ஸாஸ்ட் நேரத்தில் விழும். வண்டி ஸ்டார்ட் ஆகாது. ஆனால் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பொறி அழகாக இருக்கும்! ஆள் குழம்பிப்போய் கார்புரேட்டரைப் பிரிக்க ஆரம்பித்துவிடுவார்.

இப்போது கோணத்துக்கு வாருங்கள். இடது பக்கமிருந்து பார்த்தால் சக்கரம் முன்னோக்கிச் சுற்றும் திசைதான் கிராங்கின் திசையும். வேண்டிய கோணத்தைத் தாண்டி நன்றாகப் பின்னே போய், அப்புறம் ஓடும் திசையிலேயே மெதுவாக வந்து கோணத்தில் நிறுத்துங்கள். எதிர்த்திசையில் திருப்பி நிறுத்தினால் டைமிங் கியர்களின் இடைவெளி தளர்வாக நிற்கும், அளவு தப்பும். கோணத்தைத் தாண்டிவிட்டால் திரும்பவும் பின்னே போய்த்தான் வர வேண்டும்.

6. பழசைக் கழற்றுவது

பேட்டரி மைனஸை எடுத்துவிடுங்கள். பாயிண்ட் தட்டு, கண்டன்சர், இரண்டாவது வகைக் கிட் என்றால் எடைகளும். கழற்றும் ஒவ்வொன்றையும் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். எடைகள் நடு போல்ட்டை எடுத்த பிறகும் பிடித்துக்கொண்டு வராவிட்டால், பக்கத்தில் சுத்தியலால் தட்டாதீர்கள். ஷாஃப்ட் வளையும்.

கண்டன்சரைக் கட்டாயம் எடுக்க வேண்டும். சென்சார் வந்த பிறகு அதற்கு வேலையில்லை. 'இருந்துவிட்டுப் போகட்டும்' என்று காயிலோடு விட்டுவைத்தால் பொறி சொத்தையாகும். நானே முதல் வண்டியில் இந்தத் தப்பைச் செய்து, ஒரு சாயங்காலம் முழுக்க கிட் விற்றவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கட்டி டூல் பாக்ஸில் வையுங்கள். தூரப் பயணத்தில் பாக்ஸ் போனால் வீடு திரும்ப அதுதான் துணை.

7. ரோட்டரும் சென்சார் தட்டும்

சிடி இன்னும் அதே கோணத்தைக் காட்டுகிறதா பாருங்கள். போல்ட் கழற்றும்போது எஞ்சின் கொஞ்சம் திரும்பியிருக்கும், திரும்பக் கொண்டுவாருங்கள்.

தட்டை அதன் நீள்துளைகளின் நடுவில் வைத்து, ஸ்க்ரூவை லேசாகப் பிடியுங்கள். அப்புறம் ரோட்டரை, அதன் குறி தாளில் சொன்ன இடத்துக்கு வரும்படி உட்கார வைத்து போல்ட்டை இறுக்குங்கள். ரோட்டர் முதலில், நுணுக்கமான திருத்தம் தட்டில். தட்டு ஏற்கெனவே துளையின் ஓரத்தில் முட்டிக்கொண்டிருந்தால் பின்னால் ஸ்ட்ரோப் பிடித்துத் திருத்த இடம் இருக்காது.

ரோட்டர் போல்ட்டின் நீளத்தை முன்கூட்டியே சரிபாருங்கள். நீளம் கொஞ்சம் அதிகமானால் அது ஷாஃப்ட்டின் அடியில் முட்டி இறுகும், ரோட்டரைப் பிடிக்காது. கைக்கு இறுகியதுபோலத்தான் இருக்கும். நாற்பது கிலோமீட்டர் ஓடியதும் ரோட்டர் வழுக்கி, வண்டி நடுரோட்டில் நிற்கும். ரோட்டர் இல்லாமல் போல்ட்டைக் கையால் முழுக்கத் திருகி, வெளியே எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். ரோட்டரின் தடிமனைவிட அது குறைவாக இருக்க வேண்டும்.

சென்சாருக்கும் காந்தத்துக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று தாளில் இருந்தால் ஃபீலர் கேஜால் வையுங்கள். ஒரு சுற்று முழுக்கத் திருப்பி எங்கும் உரசவில்லை என்று உறுதிசெய்யுங்கள்.

இப்போது நெயில் பாலிஷ். தட்டின் நடுத்துளை வழியாகத் தெரியும் ரோட்டரின் முகத்தில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு. அதற்கு நேராக டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பில் இன்னொரு கோடு. இரண்டாவது கோட்டைத் தட்டில் போட்டுவிடாதீர்கள். தட்டு நகரும், கோடும் கூடவே நகரும், அப்புறம் ஸ்ட்ரோப் எதையும் சொல்லாது. புல்லட்டில் வெளியே தெரியும் டைமிங் குறி கிடையாது என்பதால், செயின் கவரை மூடிய பிறகு இந்த இரண்டு கோடுகள்தான் நமக்குக் கதி. ஒரு பொறிக்கு டிஸ்ட்ரிபியூட்டர் சரியாக ஒரு சுற்று சுற்றுவதால் ஸ்ட்ரோப் வெளிச்சத்தில் கோடு அசையாமல் தெரியும்.

முதல் வகைக் கிட்டில் இந்தக் கோடு, எடைகள் மூடிய நிலையைக் காட்டும். ஆகவே அதை ஐட்லிங்கில்தான் பார்க்க வேண்டும்.

8. பாக்ஸும் வயரிங்கும்

சிலிண்டருக்கு மேலே, டேங்க்குக்கு அடியில் பாக்ஸைக் கட்டாதீர்கள். மே மாதம் மவுண்ட் ரோடு சிக்னலில் பத்து நிமிடம் நின்றால் அந்த இடம் அடுப்பு. சீட்டுக்கு அடியிலோ டூல் பாக்ஸிலோ ரப்பர் வைத்துக் கட்டுங்கள். காற்று படட்டும், தண்ணீர் படக் கூடாது.

எர்த் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். பாக்ஸின் எர்த் வயர் நேராகப் பேட்டரி முனைக்குப் போக வேண்டும். அங்கிருந்து எஞ்சினுக்கு இன்னொரு தடித்த வயர். ஃபிரேமில் ஏதோ ஒரு போல்ட்டுக்கு அடியில் சொருகினால், பவுடர் கோட்டிங் செய்த வண்டியில் அந்த போல்ட் எதையும் தொடாமல் நிற்கும். மாட்டும் முன், பேட்டரியின் எந்த முனை ஃபிரேமுக்குப் போகிறது என்றும் பாருங்கள். 12 வோல்ட் புல்லட்டில் மைனஸ்தான் எர்த், ஆனால் பலர் கை பட்ட பழைய வண்டியில் கண்ணால் பார்க்காமல் நம்ப வேண்டாம். தலைகீழாகக் கொடுத்தால் பாக்ஸ் அந்த நொடியே போகும்.

சென்சார் வயரை ஹை டென்ஷன் வயரோடு சேர்த்து டேப் சுற்றாதீர்கள். எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவு நல்லது. சென்சாரின் இரண்டு வயர்களும் மாறினால் சில கிட்டுகளில் பொறி வரும், ஆனால் தப்பான நேரத்தில் வரும். நிறத்தைத் தாளோடு ஒப்பிட்டு மாட்டுங்கள்.

இணைப்புகளை சால்டர் வைக்காமல் கிரிம்ப் செய்யுங்கள். புல்லட் அதிர்வில் சால்டர் முடியும் இடத்தில் வயர் ஒடியும். டியூப் மாட்டிச் சூடுகாட்டி, வயர் ஒரு வளைவு கீழே இறங்கி மேலே ஏறும்படி கட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வயர் வழியாக வரும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், கனெக்டருக்குள் போகாது.

9. முதல் பொறி, முதல் கிக்

பேட்டரியை மாட்டுங்கள். பிளக்கைக் கேப்போடு சேர்த்து, அதன் உலோக உடம்பு ஹெட்டை நன்றாகத் தொடும்படி வையுங்கள். பிளக் துளையிலிருந்து தள்ளி இருக்கட்டும், உள்ளேயிருந்து பெட்ரோல் ஆவி வரும். கிக்கரை வேகமாக மிதித்தால் நீலப் பொறி வர வேண்டும். பிளக்கை எர்த்தில் படாமல் தொங்கவிட்டு மட்டும் சோதிக்காதீர்கள். பாய வழியில்லாத வோல்டேஜ் திரும்பி பாக்ஸைக் கொல்லும்.

பிளக் முனைகளின் இடைவெளி கிட் தாள்படி. தாளில் இல்லையென்றால் நான் 0.65 மிமீ வைக்கிறேன்.

செயின் கவரை மூடி ஆயில் ஊற்றுங்கள். சிடியை எடுத்துவிட்டீர்கள்தானே? ஷூ போட்டுக்கொண்டு கிக் அடியுங்கள், செருப்பு வேண்டாம்.

பழைய ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: கிக்கரை மெதுவாக அமுக்கி, ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும் டிகம்ப்ரஸரை (சிலிண்டர் அழுத்தத்தைத் திறந்துவிடும் லீவர்) பிடித்து டாப்பைத் தாண்டவிட்டு, அப்புறம் ஓங்கி மிதிப்பது. பாயிண்ட் திறந்ததைத்தான் அந்த முள் காட்டியது. இனி பெரும்பாலான கிட்டுகளில் முள் அசையாது. கிக்கரில் இறுக்கம் வரும் இடத்தைக் காலாலேயே உணர்ந்து, டிகம்ப்ரஸரைப் பிடித்துக் கொஞ்சம் தாண்டவிடப் பழகிக்கொள்ளுங்கள். சோம்பலாக மிதித்தால் சில சென்சார்களுக்குச் சிக்னலே எழும்பாது.

கிக்கர் ஒருமுறை திருப்பி அடித்தால் அங்கேயே நிறுத்துங்கள். மறுபடி முயன்று பார்க்கும் சமாசாரம் இல்லை இது. பேட்டரி வோல்டேஜையும் ரோட்டர் நிலையையும் பாருங்கள்.

10. ஸ்ட்ரோப் வைத்து டைமிங்

ஸ்ட்ரோபுக்குக் கரண்ட்டை வேறொரு பேட்டரியிலிருந்து கொடுங்கள், வண்டியின் பேட்டரியிலிருந்து எடுத்தால் சில மலிவு ஸ்ட்ரோப்கள் நடுங்கும். சிலிண்டருக்கு முன்னால் டேபிள் ஃபேன் ஒன்றை ஓடவிடுங்கள். அடுக்குமாடிப் பார்க்கிங்கில் செய்வதாக இருந்தால், மத்தியானத் தூக்க நேரத்தைத் தவிருங்கள். அசோசியேஷன் வாட்ஸ்அப்பில் உங்கள் படம் வரும்.

எஞ்சின் சூடானதும் ஸ்ட்ரோபை ரோட்டர் கோட்டில் பிடித்து, மெல்ல வேகம் ஏற்றுங்கள். இரண்டாவது வகைக் கிட்டில் கோடு நகர்ந்துகொண்டே வந்து, ஓர் இடத்துக்கு மேல் நகராமல் நிற்கும். அதுதான் முழு அட்வான்ஸ். புல்லட்டில் ஆர்பிஎம் மீட்டர் கிடையாது, ஆனால் கோடு நின்றுவிட்டது என்பதே போதிய அடையாளம். ஸ்ட்ரோபில் ஆர்பிஎம் எண் வந்தாலும் அது நான்கு ஸ்ட்ரோக் அமைப்பில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் உண்மையில் பாதியைக் காட்டும். இரண்டு மூன்று நொடி பார்த்ததும் வேகத்தை இறக்கிவிடுங்கள். பழைய எஞ்சினை ஸ்டாண்டில் நிறுத்திக் கத்தவிடுவது பாவம்.

கோடு உடம்புக் கோட்டோடு சேரவில்லையா? எஞ்சினை நிறுத்தி, தட்டைத் திருப்புங்கள். ரோட்டர் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் அட்வான்ஸ் கூடும், அதே திசையில் திருப்பினால் குறையும். ரோட்டரின் திசையைக் கிக்கரை மெதுவாக அமுக்கிப் பார்த்து, உடம்பில் ஓர் அம்புக்குறி போட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியிருக்காது.

எவ்வளவு திருப்புவது? இங்கேதான் எல்லோரும் கைமீறுகிறார்கள். தட்டில் 1 டிகிரி என்றால் கிராங்கில் 2 டிகிரி. தட்டு 60 மிமீ அகலம் என்று வையுங்கள்: ஓரத்தில் 1 மிமீ நகர்த்தினால் தட்டில் கிட்டத்தட்ட 2 டிகிரி, கிராங்கில் 4. ஆகவே கோடு தடிமன் அளவுக்கு நகர்த்தி, இறுக்கி, மறுபடி பாருங்கள். ஸ்க்ரூவை இறுக்கும்போதே தட்டு கொஞ்சம் கூடவே திரும்பும். இறுக்கிய பிறகு பார்த்ததுதான் கணக்கு.

டைமிங் முடிந்த பிறகே கார்புரேட்டரைத் தொடுங்கள். பொறி மாறியதும் ஐட்லிங் தானாக ஏறும் அல்லது இறங்கும். ஐட்லிங்கை ரொம்ப இறக்கவும் வேண்டாம், 1000 ஆர்பிஎம் பக்கம் இருக்கட்டும். 'டக்... டக்... டக்' என்று எண்ணிக்கொண்டு ஓட வேண்டும் என்று இறக்கி வைத்தால், ஆல்டர்னேட்டர் அந்த வேகத்தில் ஒன்றும் தராது. சிக்னலுக்குச் சிக்னல் பேட்டரி இறங்கும், பாக்ஸ் அதை மன்னிக்காது.

11. சாலையில் கேட்டுப் பார்ப்பது

சென்னையில் மேடு வேண்டுமென்றால் மேம்பாலம்தான். கூட்டமில்லாத விடியற்காலையில் கத்திப்பாராவில் டாப் கியரில் கொஞ்சம் மெதுவாக ஏறத் தொடங்கி, திராட்டிலைத் திறங்கள். டேங்க்குக்கு அடியில் சில்லறையைக் குலுக்கியதுபோல 'கிளிங் கிளிங்' கேட்டால் அட்வான்ஸ் அதிகம். கோடு தடிமன் அளவு குறையுங்கள். சத்தமே இல்லை, ஆனால் ஏற மறுக்கிறது, சைலன்சர் பைப் நீலம் பாய்கிறது என்றால் அட்வான்ஸ் போதவில்லை.

தாள் சொன்ன கோணத்தில் சத்தம் வந்தால் தாளை மதித்துக்கொண்டு உட்கார வேண்டாம். உங்கள் எஞ்சினில் எவ்வளவு கரி படிந்திருக்கிறது, ஹெட்டை யார் எவ்வளவு சீவினார்கள் என்று தாளுக்குத் தெரியாது. அதேபோல, சத்தம் வரவில்லை என்பதற்காகத் தாள் சொன்னதைத் தாண்டி ஏற்றவும் வேண்டாம். சைலன்சர் சத்தத்தில் லேசான கிளிங் காதில் விழாது, பிஸ்டனுக்கு மட்டும் தெரியும்.

12. வழக்கமாக வரும் கோளாறுகள்

குளிரில் நன்றாக ஓடி, சூடானதும் நின்று, ஆறியதும் மறுபடி ஓடினால்: சாவி சுவிட்ச், எர்த், காயில், பிறகுதான் சென்சார். பாக்ஸ் கடைசி.

ஹாரன் அடித்தாலோ பிரேக் லைட் எரிந்தாலோ மிஸ் ஆனால் பேட்டரியோ வயரில் தொலையும் வோல்டேஜோதான் காரணம்.

மழையில் மட்டும் மிஸ் ஆனால் ராத்திரி இருட்டில் எஞ்சினை ஓடவிட்டு, பிளக் கேப் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். நீலக் கோடு ஓடுவது கண்ணாலேயே தெரியும். சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறங்கி வந்த வண்டி என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து துடையுங்கள், கேஸ்கெட்டையும் மாற்றுங்கள்.

நன்றாக இருந்த டைமிங் தானாக மாறினால் ரோட்டர் போல்ட்டைப் பாருங்கள்.

ஃபிரேமில் எங்காவது வெல்டிங் வைக்கப் போகிறீர்கள் என்றால் பாக்ஸின் கனெக்டரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டுக் கொடுங்கள். பட்டறையில் இதை யாரும் கேட்க மாட்டார்கள், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

13. 500 கிலோமீட்டர் கழித்து

தட்டு ஸ்க்ரூ, ரோட்டர் போல்ட், பேட்டரி முனைகள் மூன்றையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். ஸ்ட்ரோப் இரவல் வாங்கியது என்றால் திருப்பிக் கொடுப்பதை இதுவரை தள்ளிப்போடுங்கள், கோடு அதே இடத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிடலாம். டூல் பாக்ஸில் பாயிண்ட் செட் போட்ட பைக்குள் பாயிண்ட் இடைவெளி வைக்க ஒரு 0.35 மிமீ ஃபீலர் இலையையும், ரோட்டர் போல்ட்டைக் கழற்றும் சாவியையும் சேர்த்துப் போடுங்கள். திண்டிவனம் தாண்டி நிற்கும்போது அந்த இரண்டும்தான் கையில் இருக்காது.